பேன் தொல்லை: வெட்கம் வேண்டாம், விவரம் வேண்டும்

(ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

ஆலய ஆண்டு மலரைக் கையில் எடுக்கும் அன்பர்கள், இதில் திருப்பணிக் கணக்கையும் திருவிழாப் படங்களையும் எதிர்பார்ப்பீர்கள். அவற்றிற்கு நடுவே தலைப் பேனைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கலாம். இருப்பினும், இதை இங்கே எழுதுவதற்குத் தக்க காரணம் உண்டு. உங்கள் நன்கொடையால் ஞாயிறுதோறும் சமய வகுப்பு நடக்கிறது. மாலையில் இலவசப் பாட வகுப்பு நடக்கிறது. பள்ளி விடுமுறையில் மூன்று நாள் நன்னெறி முகாம் நடக்கிறது. அதில் பிள்ளைகள் பாய் விரித்து வரிசையாகப் படுத்து உறங்குகிறார்கள். இப்படிப் பிள்ளைகள் கூடுகிற இடத்திலெல்லாம், அழையாமலே வந்து உட்காரும் விருந்தாளிதான் பேன்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றியவள். முதல் சில ஆண்டுகள் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பள்ளி. பின்னர் நகரப் பள்ளிகள். எந்தப் பள்ளியிலும் பேன் இல்லாத ஆண்டு என்று ஒன்று இருந்ததில்லை. ஆனால் அதைப் பற்றி வாய் திறந்து பேசியவர்கள் மிகச் சிலர். பேசாத காரணத்தால் தவறான வைத்தியங்கள் வீட்டுக்கு வீடு நடந்தன, இன்னும் நடக்கின்றன. சில பிள்ளைகள் வகுப்பைவிட்டே விலகிப் போகிறார்கள். ஆகவே, நமக்குத் தெரிய வேண்டிய செய்திகளை முறையாக எடுத்துச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

பேன் என்னும் உயிர்

தலைப் பேன் சிறகில்லாத, ஆறு கால் கொண்ட பூச்சி. முழு வளர்ச்சி பெற்ற பேன் ஓர் எள்ளின் அளவுதான் இருக்கும்; அதாவது 2 முதல் 3 மில்லிமீட்டர். அதன் ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரு கொக்கி உண்டு. அந்தக் கொக்கி மனிதத் தலைமுடியின் பருமனுக்கு அளவெடுத்தாற்போல் அமைந்திருப்பதால், முடியைப் பற்றிக்கொண்டு விரைவாக ஏறி இறங்க முடிகிறது. அதற்கு உணவு மனித இரத்தம் மட்டுமே. நாளைக்குப் பல தடவை உறிஞ்சும். நாய், பூனை, கோழி ஆகியவற்றின் மேல் மனிதப் பேன் வாழாது. அவற்றின் பேன் நம் தலையில் வாழாது.

பெண் பேன் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு முட்டை வரை இடும். அந்த முட்டையைத்தான் ஈர் என்கிறோம். தலைத்தோலின் சூடு முட்டைக்குத் தேவை என்பதால், தோலை ஒட்டிய முடியில் ஒருவகைப் பசையால் அதை ஒட்டிவிடுகிறது. சாதாரணமாகத் தலை குளித்தால் அந்தப் பசை கரையாது. ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். பொரித்து வந்த குஞ்சு முழுப் பேனாகி முட்டையிட மேலும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாள் ஆகும். தலையில் ஏறக்குறைய ஒரு மாதம் வாழும் பேன், தலையைவிட்டு விழுந்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில் இரத்தமின்றி மடிந்துவிடும். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் சிகிச்சை முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

மனிதனுக்கும் பேனுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. எகிப்தின் பதப்படுத்தப்பட்ட பழைய உடல்களிலேயே பேனும் ஈரும் கிடைத்துள்ளன. இஸ்ரேலில் லாக்கிஷ் என்னும் பண்டைய நகரத்தின் இடிபாடுகளில், யானைத் தந்தத்தால் ஆன ஒரு சிறு சீப்பை 2016ஆம் ஆண்டு தோண்டி எடுத்தார்கள். அது ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழமையானது. அதில் மெல்லியதாகக் கீறியிருந்த எழுத்துகளைப் படித்து 2022ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தச் சீப்பு ஒழிக்கட்டும் என்னும் வேண்டுதலே அதில் இருந்தது. அகரவரிசை எழுத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய முழு வாக்கியங்களுள் அதுவும் ஒன்று. தந்தச் சீப்பு வைத்திருந்தவர் ஏழையாக இருந்திருக்க மாட்டார். ஏழை, பணக்காரர் என்று பேன் ஒருநாளும் பார்த்ததில்லை.

எப்படிப் பரவுகிறது?

பேன் தாவாது, பறக்காது, நீந்திப் போகாது. அது நடந்து மட்டுமே போகும். ஆகவே ஒரு தலை மற்றொரு தலையைத் தொட்டால்தான் பெரும்பாலும் பரவுகிறது. பிள்ளைகள் எப்போது தலையோடு தலை சேர்க்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே புத்தகத்தைக் குனிந்து படிக்கும்போதும், ஒரே கைப்பேசியை மூன்று பேர் சூழ்ந்து பார்க்கும்போதும், கட்டிப்பிடித்து விளையாடும்போதும், ஒரே பாயில் உறங்கும்போதும் தலைகள் சேர்கின்றன. பெண் பிள்ளைகள் ஒருவரையொருவர் நெருங்கி உட்காருவது அதிகம், முடியும் நீளம். அவர்களிடம் பேன் கூடுதலாகக் காணப்படுவதற்கு இவை காரணங்களாகும். சீப்பு, தொப்பி, துண்டு, தலையணை வழியாகப் பரவுவது உண்டு. ஆனால் அது குறைவு.

அழுக்கினால் பேன் வருகிறது என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட எண்ணம். அது சரியன்று. நாள்தோறும் தலை குளிக்கும் பிள்ளைக்கும் பேன் வரும். எண்ணெய் வைத்த தலையிலும் வரும். வைக்காத தலையிலும் வரும். பேனுக்கு வேண்டியது சூடான தோலும் இரத்தமும்தான். அவை எல்லாத் தலையிலும் இருக்கின்றன.

நம் நாட்டில் 1980களில் பள்ளிப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்ட ஆய்வுகளில், இந்தியப் பிள்ளைகளிடம் பேன் கூடுதலாகக் காணப்பட்டது. இதைக் கேட்டு நாம் தலைகுனிய வேண்டியதில்லை. நீண்ட கூந்தல் வளர்ப்பது நம் வழக்கம். லயத்து வீட்டின் ஒரே அறையில் பாட்டியும் பேத்தியும் ஐந்தாறு பேராகச் சேர்ந்து படுத்த காலம் அது. காரணம் தெரிந்தால் தீர்வும் தெரியும். காரணத்தை அறியாமல் வெட்கப்படுவதால் ஒரு பேன்கூடச் சாகாது.

இது நோயா?

தலைப் பேன் எந்தக் கொள்ளை நோயையும் பரப்புவதில்லை. உடையின் மடிப்பில் வாழும் உடற்பேன் வேறு. அது டைபஸ் என்னும் கடும் காய்ச்சலைப் பரப்புகிறது என்பதைத் துனிஸ் நகரில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் சார்ல் நிக்கோல் 1909ஆம் ஆண்டு கண்டறிந்தார். அதற்காக 1928ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. போர்க்காலங்களில் இலட்சக்கணக்கானோர் மாண்டது அந்த உடற்பேனால்தான். பள்ளிப் பிள்ளையின் தலையில் இருப்பது அதுவன்று.

ஆனால் தொல்லை இல்லை என்று சொல்லிவிட முடியாது. பேன் கடிக்கும்போது அதன் எச்சில் தோலில் படுவதால் அரிப்பு உண்டாகிறது. முதன்முறை பேன் பற்றிய பிள்ளைக்கு அரிப்புத் தோன்றவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஆகவே, பிள்ளை சொறியவில்லை, அதனால் பேன் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. அரிப்பு வந்தபின் இரவில் உறக்கம் கெடுகிறது. மறுநாள் வகுப்பில் கவனம் போகிறது. நகம் பட்டுத் தோல் கிழிந்த இடத்தில் கிருமி புகுந்து சீழ் வைக்கலாம். கழுத்தின் பின்புறமும் காதின் பின்புறமும் நெறி கட்டலாம். சீழ், காய்ச்சல், நெறி ஆகியவை கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

உலர்ந்த தலையை விரலால் பிரித்துப் பார்த்தால் பேன் ஓடி ஒளிந்துகொள்ளும். சாதாரணமாக ஒரு தலையில் பத்துப் பன்னிரண்டு பேன்தான் இருக்கும் என்பதால் கண்ணில் படாமலே போகலாம். ஈரத்தலையில் சீப்பினால் வாரிப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. ஈரத்தில் பேன் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், சீப்புக்கு அகப்படும்.

வெள்ளையாக எதைக் கண்டாலும் பேன் என்று அஞ்ச வேண்டாம். பொடுகை ஊதினால் பறக்கும். விரலால் தட்டினால் உதிரும். ஈர் நகத்தால் இழுத்தால்தான் முடியோடு நகர்ந்து வரும். தோலிலிருந்து கால் அங்குலத்திற்கு மேல் தள்ளியிருக்கும் ஈர் பெரும்பாலும் பொரித்துவிட்ட வெற்றுக் கூடு. முடி வளர்ந்தபோது அதுவும் நகர்ந்து வந்திருக்கிறது. ஆகவே ஈர் மட்டும் கிடந்தால் மருந்து போட வேண்டிய கட்டாயமில்லை. உயிருள்ள ஒரு பேனைக் கண்டால்தான் சிகிச்சை தேவை.

நம்மவர் ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வெற்று ஈரைக் கண்டு வீட்டையே தலைகீழாக்கும் தாய்மாரைப் பார்க்கும்போது எனக்கு அந்த வழக்குத்தான் நினைவுக்கு வரும்.

முதல் வழி: சீப்பு

நம் பாட்டிமார் வைத்திருந்த மரத்தாலான இருபக்கச் சீப்பை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். மாலையில் வாசற்படியில் பேத்தியை முன்னால் உட்கார வைத்து வாருவார்கள். இன்றைய மருத்துவமும் அந்தப் பழக்கத்தை ஒதுக்கவில்லை. அதற்கு ஒரு நாள் கணக்கை மட்டும் சேர்த்திருக்கிறது. மருந்தகத்தில் உலோகப் பல் வைத்த பேன் சீப்பு கிடைக்கும். பல்லுக்குப் பல் இடைவெளி 0.3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. பல் வளையும் மலிவான பிளாஸ்டிக் சீப்பு பயன்படாது. முறை இதுதான்:

1. தலையை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, ஈரத்தோடு கண்டிஷனரைத் தாராளமாகத் தடவுங்கள்.
2. சாதாரணச் சீப்பினால் சிக்கெடுங்கள். சிக்கோடு பேன் சீப்பைப் போட்டால் பிள்ளைக்கு வலிக்கும். மறுமுறை உட்கார மாட்டாள்.
3. முடியைச் சிறு சிறு வகிடாகப் பிரித்து, பேன் சீப்பு தோலைத் தொடும்படி வைத்து, வேரிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக வாருங்கள். காதின் பின்புறத்தையும் பிடரியையும் விட்டுவிடாதீர்கள். பேன் விரும்பித் தங்கும் இடங்கள் அவை.
4. ஒவ்வொரு தடவையும் சீப்பை வெள்ளைக் காகிதத்தில் துடைத்துப் பாருங்கள்.
5. தலை முழுவதும் ஒரு முறை முடிந்ததும், மீண்டும் ஒரு முறை வாருங்கள். நீண்ட கூந்தலுக்கு அரை மணி நேரம் ஆகலாம்.

இதை 1ஆம் நாள், 5ஆம் நாள், 9ஆம் நாள், 13ஆம் நாள் என நான்கு முறை செய்ய வேண்டும். முதல் நாள் ஓடுகிற பேன்களை எடுக்கிறோம். ஈர் சில தங்கிவிடும். அது பத்து நாளுக்குள் பொரித்துவிடும். பொரித்த குஞ்சு முட்டையிட மேலும் ஒன்பது நாளாவது வேண்டும். நாமோ நான்கு நாளைக்கு ஒருமுறை வாரி எடுத்துவிடுகிறோம். ஆக, எந்தக் குஞ்சும் தாயாவதற்கு முன் அகப்பட்டுவிடும். 17ஆம் நாள் ஒருமுறை வாரிப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் வேலை முடிந்தது. இடையில் ஒரு நாளை விட்டுவிட்டால் கணக்குத் தவறும். நாட்காட்டியில் அந்த நான்கு நாள்களையும் வட்டமிட்டு வைப்பது நல்லது.

கைக்குழந்தைக்கும் கருவுற்ற தாய்க்கும் இந்தச் சீப்பு முறையே ஏற்றது. செலவும் குறைவு, ஒரு சீப்பு ஒரு குடும்பத்திற்குப் பல ஆண்டுகள் உழைக்கும்.

இரண்டாம் வழி: மருந்து

சீப்போடு நேரம் செலவிட இயலாதவர்கள் மருந்தை நாடலாம். மருந்தகரிடம் பிள்ளையின் வயதைச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கிடைப்பவை இவை.

பெர்மெத்ரின் 1 விழுக்காட்டு லோஷன்: ஷாம்பு போட்டுக் குளித்து, துண்டால் துவட்டிய தலையில் தடவி, பத்து நிமிடம் கழித்து அலச வேண்டும். முன்னதாகக் கண்டிஷனர் போடக்கூடாது. போட்டால் மருந்து முடியில் ஒட்டாது. சீப்பு முறைக்கும் இதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள்.

டைமெத்திகோன் என்னும் சிலிக்கோன் எண்ணெய்: இது நஞ்சன்று. பேனின் மேல் படர்ந்து அதை மூடிச் செயலறச் செய்கிறது. இரவு முழுவதும் வைத்திருக்க வேண்டியதும் உண்டு, சில நிமிடங்களில் அலச வேண்டியதும் உண்டு என்பதால் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துச் செய்யுங்கள்.

மாலத்தியான் 0.5 விழுக்காட்டு லோஷன்: எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தலையில் இருக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேளாமல் போடக்கூடாது. ஆல்கஹால் கலந்த வகை தீப்பற்றக் கூடியது. அதைத் தடவிய பிள்ளையைச் சமையல் அடுப்பின் அருகிலோ, பூசை அறையில் விளக்கு, கற்பூரம் ஆகியவற்றின் அருகிலோ விடாதீர்கள். முடி உலர்த்தும் கருவியும் கூடாது.

முன்பு பரவலாக இருந்த லிண்டேன், நரம்பைத் தாக்கக் கூடியது. 2009ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்ந்த பொருள் அது. பழைய புட்டி வீட்டில் இருந்தாலும் பிள்ளைக்குப் போட வேண்டாம்.

எந்த மருந்தானாலும் ஒரு முறை போட்டு நிறுத்திவிடுவதே தோல்விக்கு முதற் காரணம். இம்மருந்துகள் பேனைக் கொன்றாலும் ஈர் எல்லாவற்றையும் கொல்வதில்லை. தப்பிய ஈர் பொரித்த பிறகு, அந்தக் குஞ்சு முட்டையிடுவதற்கு முன்பு இரண்டாம் முறை போட வேண்டும். அது பெரும்பாலும் ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வரும். மருந்துப் பெட்டியில் குறித்துள்ள நாளைப் பின்பற்றுங்கள்.

முறையாக இரு தடவை போட்டும் பேன் ஓடிக்கொண்டிருந்தால், மருந்தின் அளவைக் கூட்டாதீர்கள். பெர்மெத்ரினுக்குப் பழகிப்போய்ச் சாகாத பேன்கள் உலகின் பல நாடுகளில் பெருகிவிட்டன. சீப்பு முறைக்கு மாறலாம். அல்லது மருத்துவரிடம் வேறு மருந்து கேட்கலாம். தலையில் தடவும் ஐவர்மெக்டின் லோஷன் சில நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. சீப்பின் பழகிப்போதல் எந்தப் பேனுக்கும் வந்ததில்லை.

ஒரு பிள்ளைக்குப் பேன் கண்டால், அன்றே வீட்டில் உள்ள எல்லாருடைய தலையையும் வாரிப் பாருங்கள். பேன் உள்ளவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் சிகிச்சை தொடங்குங்கள். இல்லாதவர்களுக்கு முன்னெச்சரிக்கை என்று மருந்து போட வேண்டாம். பேத்தியைச் சுத்தம் செய்துவிட்டுப் பாட்டியின் தலையை மறந்தால், அடுத்த மாதம் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

செய்யவே கூடாதவை

இந்தப் பகுதியை மட்டும் எல்லாரும் ஊன்றிப் படிக்க வேண்டும். பேனால் எவரும் சாவதில்லை. பேனை ஒழிக்கப் போய்ச் செய்யும் காரியங்களால்தான் பிள்ளைகளுக்குப் பெருங்கேடு வருகிறது.

மண்ணெண்ணெய், பெட்ரோல்: தோட்டத்தில் நான் வேலை பார்த்தபோது மண்ணெண்ணெய் தேய்க்காத வீடு அரிது. தலைத்தோல் வெந்துபோய்க் கொப்புளத்தோடு வந்த பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். விறகடுப்பு எரியும் வீட்டில் மண்ணெண்ணெய்த் தலையோடு ஒரு குழந்தை நடமாடினால் என்ன நேரும் என்று சொல்லத் தேவையில்லை. இன்று விறகடுப்பு இல்லாவிட்டாலும் கேஸ் அடுப்பும் குத்துவிளக்கும் இருக்கின்றன. இது வேண்டவே வேண்டாம்.

கொசு மருந்து, கரப்பான் மருந்து, பயிருக்கு அடிக்கும் மருந்து: இவை தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும். பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சீத்தாப்பழ விதை: விதையைப் பொடித்து எண்ணெயில் குழைத்துத் தலையில் தேய்ப்பது நம்மிடையே பழைய வழக்கம். அதில் பேனைக் கொல்லும் சத்து உண்டு என்பது மெய்தான். ஆனால் அதன் ஒரு துளி கண்ணில் வழிந்தால் கருவிழி புண்ணாகும். கண் சிவந்து, திறக்க முடியாத வலியோடு மருத்துவமனை சென்றவர்களைப் பற்றிக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். குளிப்பாட்டும்போது ஒரு துளிகூடக் கண்ணில் வழியாது என்று எந்தத் தாயால் உறுதி சொல்ல முடியும்?

கற்பூரம், பாச்சை உருண்டை: கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சிறு குழந்தைக்கு வலிப்பு வரும். கற்பூர எண்ணெய் தேய்த்த தலையைத் தொட்ட கை வாய்க்குப் போக எவ்வளவு நேரமாகும்? பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளைகளின் இரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடன் இந்தக் குறைபாட்டைச் சோதிப்பது இதுபோன்ற ஆபத்துகளுக்காகத்தான். உங்கள் பிள்ளையின் பிறப்புப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்.

தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய் பற்றிப் பலர் கேட்பார்கள். தேங்காயெண்ணெயால் கெடுதல் இல்லை. சீப்பு வழுக்கிப் போக உதவும். ஆனால் எண்ணெய் தேய்த்தாலே பேன் போய்விடும் என்று நம்பிச் சீப்பை விட்டுவிடக்கூடாது. வேப்பெண்ணெயைப் பிள்ளைகள் வாயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே போனால் சிறு குழந்தைகளுக்கு நஞ்சாகும்.

மொட்டை அடிப்பது பற்றி ஒரு சொல். நேர்த்திக்கடனுக்காகத் தைப்பூசத்தில் முடி இறக்குவது பக்தி. அதோடு பேனும் போய்விடுவது மெய்யே. பற்றிக்கொள்ள முடி இல்லை அல்லவா? ஆனால் பேனுக்காகப் பத்து வயதுப் பெண்ணைப் பிடித்து உட்கார வைத்து, அவள் அழ அழ மொட்டை அடிப்பது வேறு. மருத்துவத்தில் அதற்குத் தேவையே இல்லை. சீப்புக்கு இரண்டு வாரம் ஒதுக்கினால் போதும் என்றிருக்கும்போது, ஒரு பிள்ளையின் மனத்தை ஓர் ஆண்டுக்குக் காயப்படுத்துவானேன்?

துணிமணி, படுக்கை

தலையைவிட்டு விழுந்த பேன் இரண்டு நாளில் சாகும். ஈர் தலைச்சூடு இல்லாமல் பொரிக்காது. ஆகவே மெத்தையை எரிக்கவோ, வீடு முழுவதும் மருந்தடிக்கவோ வேண்டாம். கடந்த இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, போர்வை, தொப்பி ஆகியவற்றை 54 பாகைக்கு மேல் சூடான நீரில் துவைத்து வெயிலில் காயவைத்தால் போதும். துவைக்க முடியாத பொம்மை போன்றவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். சீப்புகளைச் சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். அந்த நேரத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்தித் தலையில் செலவிடுங்கள். பேன் இருப்பது தலையில்தான்.

தடுப்பதற்கு வழி

பேனை முற்றிலும் தடுக்கும் மருந்து இல்லை. ஆனால் குறைக்கலாம். பெண் பிள்ளைகளின் முடியைத் தளரவிடாமல் இறுகப் பின்னி இரட்டைச் சடை போடுங்கள். சீப்பு, ரிப்பன், தொப்பி, துண்டு ஆகியவற்றை ஒருவருக்கு ஒன்றாக வையுங்கள். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது, பேன் சீப்பால் ஒருமுறை வாரிப் பாருங்கள். ஒன்றிரண்டு பேனாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் எளிது. தலை நிறைந்த பிறகு கடினம்.

பள்ளியிலும் வகுப்பிலும் நம் கடமை

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஞாயிறு வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். தேவாரம் பாடுவதில் எல்லாருக்கும் முன்னால் நிற்பாள். நான்கு வாரம் தொடர்ந்து வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது தாயார், "கொஞ்சம் சளி டீச்சர், அதான் அனுப்பல" என்றார். புறப்படும்போது பாட்டிதான் மெல்லச் சொன்னார்: "பள்ளிக்கூடத்துல எல்லாரும் இவள பேனுன்னு கூப்பிடுறாங்களாம்மா. இங்கேயும் அப்படிக் கூப்பிட்டா என்ன பண்றதுன்னு பயப்படுறா." பள்ளியில் யாரோ ஒருவர் வகுப்பின் முன்னிலையில் அவள் தலையைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அன்று முதல் அவளருகில் யாரும் உட்காரவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு சீப்பும் கண்டிஷனரும் வாங்கிப் போய், பாட்டிக்கு முறையைக் காட்டிக் கொடுத்தேன். நான்கு முறை வாரினார்கள். பேன் இரண்டே வாரத்தில் போய்விட்டது. அவள் மீண்டும் வகுப்புக்கு வரவோ ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. பேன் செய்த கேடு சிறிது. பேச்சு செய்த கேடு பெரிது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலிலும், பேனுக்காகப் பிள்ளையைப் பாதிப் பள்ளியில் வீட்டுக்கு அனுப்பக்கூடாது, ஈர் முழுவதும் போனால்தான் பள்ளிக்கு வரலாம் என்னும் விதியைக் கைவிட வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. கண்டுபிடிக்கும் நாளுக்கு முன் பல வாரமாகவே பேன் அந்தத் தலையில் இருந்திருக்கும். அன்று ஒரு நாள் விரட்டிவிடுவதால் யாருக்கும் பயனில்லை. பிள்ளையின் படிப்புத்தான் கெடும்.

இதனால் நம் வகுப்பிலும் முகாமிலும் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டிருக்கிறோம். எந்தப் பிள்ளையின் தலையையும் பிறர் முன்னிலையில் பார்ப்பதில்லை. ஒரு பிள்ளைக்குப் பேன் தெரிந்தால் பெயர் சொல்லாமல், வகுப்பில் உள்ள எல்லாப் பெற்றோருக்கும் ஒரே குறிப்பை அனுப்புகிறோம். முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே, வீட்டில் வாரிப் பார்க்கும்படி எல்லாருக்கும் சொல்லிவிடுகிறோம். சிகிச்சை முடியத் தேவையான அவகாசம் அது. முகாமில் பாய்களை இடைவெளிவிட்டு விரிக்கிறோம். தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்கும், பாட்டி ஒருவரே பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளுக்கும் சீப்பைக் கொடுத்து, முறையையும் ஒருமுறை செய்து காட்டுகிறோம். தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் அன்பர்கள் இருவர் இதில் துணைநிற்கிறார்கள்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்னதானத்திற்கு அரிசியும் பருப்பும் மனமுவந்து கொடுக்கிறீர்கள்; பள்ளி தொடங்கும்போது புத்தகப்பையும் சீருடையும் கொடுக்கிறீர்கள். அந்தப் பையில் ஓர் உலோகப் பேன் சீப்பையும், நாள் கணக்கு அச்சிட்ட ஒரு தாளையும் சேர்த்து வைக்க உதவுங்கள். பெரிய செலவில்லை. சிறுவர் இல்லங்களுக்கு உதவும் அன்பர்கள், அங்கே பிள்ளைக்கு ஒரு சீப்பு, பிள்ளைக்கு ஒரு துண்டு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் ஒன்றாக உறங்கும் இடத்தில் அந்தச் சிறு ஏற்பாடு பெரிய உதவியாகும்.

பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் சொல்ல வேண்டியது இவ்வளவே. இன்றே ஒரு சீப்பு வாங்குங்கள். இந்த வாரம் வீட்டில் எல்லாத் தலையையும் வாரிப் பாருங்கள். பேன் கண்டால் 1, 5, 9, 13 என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய்ப் புட்டியைத் தொடாதீர்கள். மருந்தில் ஐயம் இருந்தால் மருந்தகரையோ கிளினிக்கையோ கேளுங்கள். முகாமுக்கு வரும் பிள்ளைக்குப் பேன் இருந்தால் மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். அந்தச் செய்தி எங்களைத் தாண்டிப் போகாது.